ஏந்திய கை

நுழையும்முன்

பாரி, குமணன், அதியமான் என வள்ளல்களின் பெயர்களைப் பள்ளிப்பருவத்திலேயே எல்லாரும் அறிந்துகொள்கின்றனர். கொடுத்தவரைப் போற்றும் மரபு தமிழுக்குப் பழையது. ஆனால், அவ்வள்ளல்களின் முன் நின்றவர் யார்? அவர் ஏன் வந்தார்? கேட்பதற்குமுன் அவர் மனம் என்ன பாடுபட்டது? ஈந்த கையைப் பற்றிப் படிப்போர் ஏந்திய கையைப் பற்றியும் படிப்பதே முறை. இலக்கியத்திலும் வரலாற்றிலும் இரப்போரின் தடத்தைப் பின்தொடர்கிறது இக்கட்டுரை.

பழங்காநத்தத்தில் ஒரு காலைப்பொழுது

மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம் செல்லும் வழியில் இருப்பது பழங்காநத்தம். 'நத்தம்' என்பது ஊர்க் குடியிருப்பைக் குறிக்கும் பழஞ்சொல். பெயரில் பழமையைத் தாங்கிய அவ்வூர், இன்று மாநகருக்குள் அடங்கி, ஓயாது இயங்கும் சாலைச் சந்திப்பாக மாறிவிட்டது. மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையம் வருவதற்குமுன் தென்மாவட்டப் பேருந்துகள் பல இங்கிருந்தே புறப்பட்டன. பயணிகள் கூடும் இடத்தில் பூ விற்பவரும் கூடுவர், இரப்பவரும் கூடுவர். நிலையம் இடம் மாறியபின்னும் இரப்போர் முற்றிலும் இடம் மாறவில்லை.

ஒருநாள் காலை. ரவுண்டானா அருகே நகரப் பேருந்து ஒன்று நின்றது. சன்னலோரத்தில் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி அமர்ந்திருந்தாள். கீழே நின்ற முதியவர் ஒருவர் அலுமினியத் தட்டை உயர்த்தி, "தாயி..." என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. மாணவி பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்தாள்.

"குடுக்காதடி. குடுத்துக் குடுத்துத்தான் இவங்கள இப்படி ஆக்கி வச்சிருக்கோம்" என்றாள் தோழி.

"வயசானவரு. பாவம், போடு பாப்பா" என்றார் பின்னிருக்கை அம்மையார்.

இரண்டு குரல்களுக்கும் இடையே மாணவியின் கை தயங்கியது. பேருந்து புறப்பட்டுவிட்டது. நாணயம் அவள் உள்ளங்கையிலேயே இருந்தது. பள்ளி வந்து சேரும்வரை அவள் அதனைப் பையில் போடவில்லை.

கொடுப்பதா, மறுப்பதா என்னும் அத்தயக்கம் அவளுக்கு மட்டும் உரியதன்று. ஈராயிரம் ஆண்டுகளாகத் தமிழ்ச் சிந்தனையிலும் அது இருந்துவருகிறது. ஔவையாரின் ஆத்திசூடி, பிறரிடம் ஏற்று உண்பதை இழிவு என்று ஓர் அடியில் கூறுகிறது; அதற்கு அடுத்த அடியிலேயே, கேட்டு வந்தவருக்கு இட்டபின் உண்ணுமாறு பணிக்கிறது. ஏற்பது இழிவென்றால் இடுவது எப்படி அறமாகும்? யாரும் ஏற்காவிட்டால் யாருக்கு இடுவது? குழந்தைகள் மனப்பாடம் செய்யும் இரண்டு சிறிய அடிகளுக்கு இடையே இத்துணைப் பெரிய வினா மறைந்து கிடக்கிறது.

கேட்பதற்கு மூன்று சொற்கள்

ஒரு பொருளைக் கேட்பதற்கு மூன்று சொற்கள் உண்டு என்கிறார் தொல்காப்பியர். தன்னைவிட உயர்ந்தவரிடம் தாழ்ந்தவர் கேட்கும்போது 'ஈ' என்பார். ஒத்தவர் தம்முள் கேட்கும்போது 'தா' என்பர். உயர்ந்தவர் தம்மிலும் தாழ்ந்தவரிடம் கேட்கும்போது 'கொடு' என்பார். கேட்கும் பொருள் ஒன்றே. கேட்பவரின் நிலைக்கு ஏற்பச் சொல் வேறுபடுகிறது. வாய் திறந்து கேட்ட கணத்திலேயே ஒருவர் சமூகத்தின் எப்படியில் நிற்கிறார் என்பது தெரிந்துவிடுகிறது என்பதே இவ்விதி உணர்த்தும் உண்மை.

இரத்தல் என்னும் வினையிலிருந்து பிறந்தது 'இரவலர்' என்னும் சொல். அதற்கு இணையாகக் காப்பவரைக் குறிக்கும் 'புரவலர்' என்னும் சொல் நின்றது. இரப்பு, ஐயம், பலி, பிச்சை, யாசகம் எனப் பின்னர்ப் பல சொற்கள் வழங்கலாயின. பிச்சை ஏற்கும் கலத்திற்குக் கடிஞை, ஓடு, திருவோடு எனப் பெயர்கள் அமைந்தன. துறவியர் கையில் இருந்தபோது அவ்வோட்டுக்குத் 'திரு' என்னும் அடையும் சேர்ந்தது. வறியவர் கையில் இருக்கும் தட்டுக்கு அத்தகைய அடை எதுவும் கிடைக்கவில்லை.

பாட்டும் பரிசிலும்

சங்ககால இரவலரைப் பிற்காலப் பிச்சைக்காரரோடு ஒன்றாக எண்ணுவது பொருந்தாது. பாணர், பொருநர், கூத்தர், விறலியர் ஆகியோர் கலைவல்லார். யாழும் பறையும் அவர்தம் முதல். பாட்டைக் கொடுத்துப் பரிசிலைப் பெற்றனர். பரிசில் பெற்றுத் திரும்புவோர், வறுமையோடு எதிர்வருவோருக்கு வள்ளலின் இருப்பிடத்தையும் செல்லும் வழியையும் எடுத்துரைப்பதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகளாகும். தமக்குக் கிடைத்த வாழ்வைப் பிறருக்கும் காட்டிக்கொடுக்கும் பண்பு ஓர் இலக்கிய வகையாகவே வளர்ந்தது.

எனினும், அக்கலைஞர்களின் வறுமை உண்மையானது. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை ஒரு வீட்டின் அடுக்களையைக் காட்டுகிறது. குட்டி ஈன்ற நாய் அங்கே கிடக்கிறது. கண் திறவாத குட்டிகள் பாலற்ற மடியைப் பற்றியிழுக்க, நோவு பொறாது தாய்நாய் குரைக்கிறது. கூரை சரிந்த அவ்விடத்தில் காளான் பூத்திருக்கிறது. பசியால் மெலிந்த பெண், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பின்றி வேகவைக்கிறாள். பிறகு, சுற்றத்தோடு உண்பதற்குமுன் அவள் ஒன்று செய்கிறாள்: கதவை அடைக்கிறாள். புறம் பேசுவோர் கண்ணில் தம் வறுமை பட்டுவிடக் கூடாது என்னும் நாணமே அதற்குக் காரணம். பசியைவிட நாணம் கொடியது என்பதை அடைத்த அக்கதவு சொல்கிறது.

இரவலரின் மானத்தை மதிக்கத் தெரிந்தவரையே புலவர்கள் வள்ளல் என்றனர். கரிகாலன் பொருநனுக்கு விருந்தும் ஆடையும் யானையும் தந்ததோடு, விடைகொடுக்கும்போது ஏழடி பின்னே நடந்துவந்தான் என்கிறது பொருநராற்றுப்படை. யானையைவிட அந்த ஏழடி பெரிது. இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றைப் புறநானூறு காட்டுகிறது. அதியமான் நெடுமானஞ்சி தம்மை நேரில் காணாமலேயே பரிசில் கொடுத்தனுப்பியபோது, பெருஞ்சித்திரனார் அதனை ஏற்க மறுத்தார். தாம் ஊதியம் கருதிவந்த வாணிகர் அல்லர் என்றும், தகுதி அறிந்து அன்போடு தருவது தினையளவே ஆயினும் இனியது என்றும் உரைத்தார். அதே பெருஞ்சித்திரனார், குமணனிடம் பெற்ற செல்வத்தை வீட்டில் சேர்த்துவைக்கவில்லை. யார் எவர் என்று பாராமல், தம்மிடம் கேட்கவும் வேண்டாமல், எல்லார்க்கும் கொடுக்குமாறு தம் மனைவியிடம் கூறினார். இரவலர் ஒருவர் புரவலராக மாறிய காட்சி அது.

வள்ளுவர் காட்டும் இரு பக்கங்கள்

திருக்குறளில் 106ஆம் அதிகாரம் 'இரவு'. 107ஆம் அதிகாரம் 'இரவச்சம்'. முன்னது, ஒளிக்காமல் கொடுப்பவரிடம் கேட்பதில் இழிவில்லை என்கிறது. இரப்பவர் இல்லையெனில் இவ்வுலக இயக்கம், கயிற்றால் ஆட்டும் மரப்பாவையின் போக்குவரத்துப் போல உயிரற்றதாகிவிடும் என்றும் கூறுகிறது. பின்னதோ, மகிழ்ந்து கொடுப்பவரிடமும் கேளாமல் இருப்பது கோடிமடங்கு மேல் என்கிறது. தாகத்தால் தவிக்கும் பசுவுக்குத் தண்ணீர் வேண்டுமென்று கேட்பதாயினும், கேட்கும் நாவுக்கு அதனைவிட இழிவு வேறில்லை. உழைத்துப் பெற்றது தெளிந்த கஞ்சியே ஆயினும் அதனைவிட இனியது வேறில்லை என்று அதே அதிகாரம் மேலும் செல்கிறது.

அடுத்தடுத்த அதிகாரங்களில் வள்ளுவர் தமக்குத் தாமே முரண்படுகிறாரா? ஊன்றிப் பார்த்தால் முரண்பாடு மறையும். அவர் இகழ்வது இரத்தலை, இரப்பவரை அன்று. சிலர் இரந்தே உயிர்வாழ வேண்டும் என்ற நிலை இருக்குமானால், உலகை அவ்வாறு அமைத்தவன் அலைந்து கெடட்டும் என்று வள்ளுவர் சினந்து உரைக்கிறார். அச்சினம் தட்டேந்தியவர்மீது பாயவில்லை. தட்டேந்தும் நிலையை உண்டாக்கிய அமைப்பின்மீது பாய்கிறது. பிற்காலத்தில் தனியொருவரின் பசியைக் கண்டு உலகையே அழிக்கத் துணிந்த பாரதியின் சீற்றமும் அவ்வழியில் வந்ததே.

மதுரையில் ஒரு பிச்சைப்பாத்திரம்

தமிழ்க் காப்பியங்களில் பிச்சைப்பாத்திரத்தையே நடுப்பொருளாகக் கொண்டது மணிமேகலை. அமுதசுரபி என்றவுடன் புகாரும் மணிபல்லவத் தீவும் நினைவுக்கு வரும். ஆனால், அப்பாத்திரத்தின் கதை தொடங்கும் இடம் மதுரை.

ஆபுத்திரன் பிறந்தவுடன் தாயால் கைவிடப்பட்டவன்; பசு ஒன்று ஏழு நாள் பாலூட்டிக் காத்தமையால் அப்பெயர் பெற்றவன். வேள்விக்காகக் கட்டப்பட்டிருந்த பசுவை விடுவித்ததனால் வளர்த்த இல்லத்திலிருந்தும் விரட்டப்பட்டான். பிச்சைக்குச் சென்றபோது அவனது கலத்தில் சோற்றுக்குப் பதிலாகக் கல்லை இட்டனர். அந்நிலையில் அவன் வந்து சேர்ந்த ஊர் மதுரை. அங்குச் சிந்தாதேவி கோயிலின் அம்பலத்தில் தங்கினான். நாள்தோறும் வீடுகளில் இரந்து, பெற்ற உணவோடு திரும்புவான். பார்வையற்றோர், காது கேளாதோர், கால் முடமானோர், ஆதரவற்றோர், நோயாளர் அனைவரையும் அழைத்து உண்ணச் செய்வான். எஞ்சியதைத் தான் உண்டு, பிச்சைக்கலத்தையே தலையணையாக வைத்து உறங்குவான்.

ஒரு மழைநாள் நள்ளிரவில் வழிநடந்து களைத்தோர் சிலர் பசியோடு வந்தனர். கொடுக்க ஏதுமின்றி அவன் கலங்கியபோது, சிந்தாதேவி தோன்றி அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தை அவன் கையில் தந்தாள். சிந்தாதேவி என்பது கலைமகளைக் குறிக்கும் பெயர். பசி தீர்க்கும் பாத்திரத்தைத் தந்தவள் திருமகள் அல்லள். கல்விக்குரிய தெய்வம் என்பது எண்ணிப்பார்க்கத் தக்கது.

கதை அத்துடன் முடியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் மழையின்றி வாடியிருந்த பாண்டிய நாட்டில் மழை பெய்தது, பசி நீங்கியது, அவனிடம் உண்ண வருவோர் எவரும் இலர். பசித்தோரைத் தேடிக் கடல்கடந்து புறப்பட்ட அவன், வழியில் மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டான். பல்லுயிர் காக்கும் பாத்திரத்தைக் கொண்டு தன்னுயிர் ஒன்றை மட்டும் காத்துக்கொள்ள அவன் மனம் ஒப்பவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்தான். பின்னாளில் அது மணிமேகலையின் கைக்கு வந்தது. அவள் அதனைக் கொண்டு சிறைச்சாலையை அறக்கோட்டமாக மாற்றச் செய்தாள். இரப்பவன் ஒருவனைக் கொடையின் உச்சத்தில் நிறுத்தியது சாத்தனாரின் தனிச்சிறப்பு.

துறவியின் ஓடும் இறைவனின் கூலியும்

பௌத்தத் துறவியருக்கும் சமணத் துறவியருக்கும் பிச்சை என்பது நோன்பின் ஒரு பகுதி. செருக்கை அழிக்கும் பயிற்சியாக அதனை மேற்கொண்டனர். சைவ மரபில் சிவபெருமானே பிச்சாடனராகக் கோலம் கொள்கிறார். செல்வத்தைத் துறந்த பட்டினத்தாரைப் பற்றிய கதை ஒன்று தமிழ்நாட்டில் வழங்குகிறது. திருவிடைமருதூரில் பிச்சை கேட்டு வந்த ஒருவரிடம், தம்மிடம் ஒன்றுமில்லை என்றும், மறுவாயிலில் 'குடும்பத்தார்' ஒருவர் இருக்கிறார் என்றும் பட்டினத்தார் கூறினாராம். அவர் சுட்டியது தம் சீடர் பத்திரகிரியாரை. பத்திரகிரியாரின் உடைமை ஓர் ஓடும் ஒரு நாயும் மட்டுமே.

ஆனால், மதுரை மக்கள் உள்ளத்தில் ஆழப் பதிந்த திருவிளையாடல் வேறொன்று. வையை உடைந்தபோது, வந்தி என்னும் பிட்டு விற்கும் மூதாட்டியின் பங்குக் கரையை அடைக்க இறைவன் கூலியாளாய் வந்தார், உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று மண் சுமந்தார், பிரம்படியும் பட்டார். பிச்சாடனராய் உலகெங்கும் பலி ஏற்பவர், மதுரையில் உழைத்தே உண்கிறார். உழைப்பின் பெருமையை ஊர் நெஞ்சில் பதித்த கதை அது. துறவியின் பிச்சை விரும்பி ஏற்றது. வறியவரின் பிச்சை வேறு வழியின்றி நேர்ந்தது. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதனால் பல குழப்பங்கள் விளைகின்றன.

ஊரார் அனைவரும் கை ஏந்திய காலம்

இரப்போர் என்பவர் தனி இனத்தவர் அல்லர் என்பதை வரலாற்றில் பஞ்சங்கள் காட்டின. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும்பஞ்சத்தைத் தமிழ்மக்கள் 'தாது ஆண்டுப் பஞ்சம்' என்றனர். மழை பொய்த்தது ஒரு காரணம். தானிய விலை ஏறியதும், பஞ்சத்தின் நடுவிலும் தானியம் ஏற்றுமதியானதும், அரசின் சிக்கனமும் பிற காரணங்கள். நிவாரணப் பணிகளில் கடுமையாக உழைத்த ஆண் ஒருவருக்கு 1877இல் வரையறுக்கப்பட்ட நாட்கூலி, ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் ஆகும். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். இந்தியாவில் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அப்பஞ்சத்தில் மாண்டனர் என மதிப்பிடப்படுகிறது. நேற்றுவரை ஏர் பிடித்தவரும் தறி நெய்தவரும் கஞ்சித்தொட்டியின்முன் வரிசையில் நின்றனர். பலர் இலங்கையின் தோட்டங்களுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றனர்.

அக்காலத்தில் மதுரையில் வாழ்ந்த குஞ்சரத்தம்மாள் என்னும் தேவதாசிப் பெண்ணின் பெயர் இன்றளவும் அந்நகரத்தாரால் நினைக்கப்படுகிறது. அவர் தம் நகைகளையும் வீடுகளையும் விற்று, பசித்து வந்தோருக்குக் கஞ்சி ஊற்றினார் என்பது மதுரையில் வழங்கும் செய்தி. சமூகம் மதிக்கத் தயங்கிய ஒருவர், சமூகம் கைவிட்டவர்களுக்கு உணவளித்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1867 மே 23 அன்று, வடலூரில் இராமலிங்க அடிகளார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. உண்பவர் எச்சாதியார், எவ்வூரார் என்னும் வினா அங்கு எழுவதில்லை. மதுரைத் தொடர்வண்டி நிலையத்தின் எதிரே நிற்கும் மங்கம்மாள் சத்திரமும் வழிப்போக்கரைப் புரந்த பழைய மரபின் எச்சமாகும்.

மதுரையில் களைந்த ஆடை

இருபதாம் நூற்றாண்டில் வறியவரின் கோலம் அரசியல் ஆற்றலாக மாறியது. அம்மாற்றமும் மதுரையோடு தொடர்புடையது. 1921 செப்டம்பரில் மதுரைக்கு வந்த காந்தியடிகள், கதராடை வாங்கவும் இயலாத ஏழைகளின் நிலையை வழியில் கேட்டறிந்தார். செப்டம்பர் 22 அன்று, மேலமாசி வீதி இல்லத்திலிருந்து அரையாடை மட்டும் உடுத்து வெளிவந்தார். வாழ்நாள் முழுவதும் அதுவே அவர் கோலமாயிற்று. பத்தாண்டுகள் கழித்து, அக்கோலத்தைக் கண்டு 'அரைநிர்வாணப் பக்கிரி' என்று இகழ்ந்தார் வின்ஸ்டன் சர்ச்சில். பக்கிரி என்பது இரந்துண்ணும் துறவியைக் குறிக்கும் சொல். இகழ்ச்சியாகச் சொன்னது பெருமையாகவே நிலைத்தது. அதேவேளையில், உழைக்க வல்லவருக்கு இலவச உணவிடுவதைக் காந்தியடிகள் ஏற்கவில்லை. அவருக்கு வேலை தருவதே அறம் என்றார். பேருந்தில் ஒலித்த இரு குரல்களும் அவர் ஒருவருக்குள்ளேயே இருந்தன எனலாம்.

இரத்தல் குற்றமா?

அறநூல்கள் இழிவு என்றதைச் சட்டங்கள் குற்றம் என்றன. இங்கிலாந்தில் 1824இல் இயற்றப்பட்ட நாடோடிகள் சட்டம், தெருவில் இரப்போரைத் தண்டிக்க வழிசெய்தது. சென்னை மாகாணத்தில் 1945இல் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. பம்பாயில் 1959இல் இயற்றப்பட்ட சட்டம் பின்னர்த் தில்லிக்கும் விரிவுபடுத்தப்பட்டது. பிச்சையெடுத்தலைக் குற்றமாக்கிய அதன் விதிகளைத் தில்லி உயர்நீதிமன்றம் 2018 ஆகஸ்டு 8 அன்று செல்லாதவையாக்கியது. எவரும் விரும்பி இரப்பதில்லை, உயிர்வாழத் தேவையானவற்றை அரசு வழங்கத் தவறியபின் இரப்பவரைத் தண்டிப்பது முறையாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இரப்போரும் நாடோடிகளுமாக 4,13,670 பேர் இருந்தனர்.

இதில் உண்மையான குற்றம் ஒன்று உண்டு. குழந்தைகளைக் கடத்தியும் உடலைச் சிதைத்தும் பிச்சையெடுக்க வைப்போர் உள்ளனர். அக்கொடுமைக்குக் கடும் தண்டனை வழங்க 1959ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வகைசெய்தது. உடற்குறையுள்ளோரை விலைபேசும் அவ்வுலகைத் தமிழ்ப் புதினத்தில் காட்டியது ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்'. அதற்கும் முன்பே, சாலையோரத்தில் ஒருவர் இறந்துகொண்டிருக்க மாநகரக் கூட்டம் காணாமல் கடந்து செல்வதைப் புதுமைப்பித்தன் 'மகாமசானம்' சிறுகதையில் எழுதினார். அங்கு நின்று பார்ப்பது ஒரு சிறுமி மட்டுமே. காண மறுப்பதே நகரத்தின் நோய் என்பதை அக்கதை உணர்த்துகிறது.

தட்டு ஒன்றே, பெயர் வேறு

2020ஆம் ஆண்டு. பெருந்தொற்றினால் ஊர் அடங்கியிருந்தது. மதுரையில் தங்க நேர்ந்த முதியவர் ஒருவர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திற்கு வந்தார். யாசகம் பெற்றுச் சேர்த்த பத்தாயிரம் ரூபாயை நிவாரண நிதிக்கு அளித்தார். பின்னரும் பலமுறை அவ்வாறே அளித்தார். அவ்வாண்டு விடுதலைநாளையொட்டி மாவட்ட நிருவாகம் அவரைப் பாராட்டியது. பெருஞ்சித்திரனாரையும் ஆபுத்திரனையும் கற்பனை என்று கருதுவோருக்கு அம்முதியவர் விடையாக நின்றார்.

மற்றொரு நிகழ்வு 2022 செப்டம்பர் 15 அன்று நடந்தது. அதே மதுரையில் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. காமராசர் காலத்து மதிய உணவு, 1982இல் விரிவடைந்த சத்துணவு ஆகியவற்றின் தொடர்ச்சி அது. காலையில் தட்டேந்தி வரிசையில் நிற்கும் குழந்தையை எவரும் இரவலர் என்பதில்லை. அக்குழந்தை நாணிக் கதவடைக்க வேண்டியதில்லை. தட்டு ஒன்றே, பசியும் ஒன்றே. கொடுப்பவர் மனம்வைத்தால் கிடைப்பது பிச்சை. சட்டமும் சமூகமும் உறுதியளித்தால் கிடைப்பது உரிமை. கலைமகள் தந்த பாத்திரம் பள்ளிக்கூடத்திற்கே வந்து சேர்ந்தது போலும்!

உரிமையின் கை இன்னும் எட்டாத இடங்கள் உள்ளன. பிள்ளைகளால் கைவிடப்பட்ட முதியோர், மனநலம் குன்றியோர், அடையாள அட்டையும் முகவரியும் இல்லாதோர் இன்றும் தெருவில் நிற்கின்றனர். அவர்கள் உரிமை பெறும்நாள்வரை ஈகைக்கும் இடமுண்டு. அந்த ஈகையை எப்படிச் செய்வது என்பதற்கு விடை, கரிகாலன் நடந்த ஏழடியில் இருக்கிறது.

மறுநாள் காலை, பழங்காநத்தம் ரவுண்டானா. மாணவி பேருந்துக்காகக் காத்திருந்தாள். அம்முதியவர் சுவரோரம் அமர்ந்திருந்தார். அவள் அருகே சென்று, குனிந்து, நாணயத்தைத் தட்டில் ஓசையின்றி வைத்தாள்.

"சாப்பிட்டீங்களா தாத்தா?"

முதியவர் நிமிர்ந்து பார்த்தார். கேள்வி தமக்குத்தானா என்பதுபோல் சற்றுத் தயங்கினார்.

"ஆச்சு தாயி. அந்தா ஒன் பஸ்ஸு வருது பாரு, விட்டுறாத."

அவள் ஓடிச்சென்று ஏறினாள். சன்னல் வழியே திரும்பிப் பார்த்தபோது, அவர் தட்டைப் பார்க்கவில்லை, பேருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கற்பவை கற்றபின்

1. 'ஈ, தா, கொடு' ஆகிய சொற்கள் இன்றைய பேச்சுவழக்கில் எவ்வெவ்விடங்களில், யாரால் பயன்படுத்தப்படுகின்றன என்பதைத் தொகுத்து வகுப்பறையில் பேசுக.

2. ஆபுத்திரன், பெருஞ்சித்திரனார் ஆகிய இருவரின் கொடைப்பண்பை ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

3. 'இரப்போருக்குக் கொடுப்பதே அறம்' – 'இரக்கும் நிலையை ஒழிப்பதே அறம்' என்னும் தலைப்புகளில் சொற்போர் நிகழ்த்துக.

4. உங்கள் ஊரில் பசித்தோருக்கு உணவளித்த சத்திரம், அன்னதானக்கூடம், கஞ்சித்தொட்டி முதலியவற்றைப் பற்றி மூத்தோரிடம் கேட்டறிந்து எழுதுக.